வகுப்பில் பாரதக் கதை சொல்லலாமா?

கேள்வி: பாலக்கோடு பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். எங்கள் ஊர் திரௌபதியம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடந்தது. பிள்ளைகள் விடிய விடியக் கூத்துப் பார்த்துவிட்டு வகுப்பில் தூங்கி வழிந்தார்கள். சரி, அதையே பாடமாக்கலாம் என்று சூதாட்டக் கதையைச் சொன்னேன். 'இது நெஜமா நடந்துச்சா டீச்சர்?' என்று ஒரு பையன் கேட்டான். 'கதைதான்டா' என்றேன். மறுநாள் ஓர் அப்பா வந்து, 'எங்க சாமியக் கட்டுக்கதைன்னு சொன்னீங்களாமே' என்றார். அதே வாரம் இன்னொரு அம்மா, 'கவர்மென்ட் ஸ்கூல்ல சாமிக் கதை எதுக்கு?' என்று கேட்டார். தலைமையாசிரியர், 'எதுக்கு வம்பு, புத்தகத்துல இருக்கறத மட்டும் நடத்துங்க' என்கிறார். என் வகுப்பில் முஸ்லிம் பிள்ளைகள், இருளர் பிள்ளைகள், வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள் எல்லோரும் இருக்கிறார்கள். இந்தக் கதைகளை விட்டுவிடுவதுதான் நல்லதா?

- ஓர் ஆசிரியை, தருமபுரி மாவட்டம்

அன்புள்ள டீச்சருக்கு,

விட்டுவிடாதீர்கள். ராத்திரி முழுக்கக் கண் விழித்துப் பிள்ளைகள் பார்த்துவிட்டு வந்த ஒன்றைப் பற்றிக் காலையில் பள்ளிக்கூடம் வாயே திறக்காமல் இருந்தால், பள்ளிக்கும் ஊருக்கும் சம்பந்தமே இல்லை என்றுதான் அவர்கள் நினைத்துக்கொள்வார்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த காலமெல்லாம் நான் திரும்பத் திரும்பச் சொல்லி வந்ததும் இதுதான்: கதையைக் கதையாகவே சொல்லுங்கள், கேள்வியைக் கதைக்குள்ளிருந்தே எடுங்கள், முடிவில் நீதியை ஒட்ட வைக்காதீர்கள். நீங்கள் சொன்ன விதத்தில் கொஞ்சம் மாற்றம் வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். அதற்குச் சட்டத்திலேயே தெளிவான பதில் இருக்கிறது. அரசியலமைப்பின் 28(1) பிரிவு, முழுக்க அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் மதபோதனை கூடாது என்கிறது. உங்கள் பள்ளி அதற்குள் வரும். ஆனால் மதபோதனை வேறு, மதங்களைப் பற்றியும் அவற்றின் இலக்கியத்தைப் பற்றியும் படிப்பது வேறு. 2002-ல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வித்தியாசத்தை ஏற்றுக்கொண்டது. மேல் வகுப்புத் தமிழ்ப் பாடநூல்களில் கம்பராமாயணமும் தேம்பாவணியும் சீறாப்புராணமும் இருப்பது இந்த அடிப்படையில்தான். அதனால் அந்த அம்மாவிடம் நீங்கள் தைரியமாகச் சொல்லலாம்: 'நான் சாமி கும்பிடச் சொல்லித் தரலைங்க. கதையப் படிக்கவும், அதப் பத்தி யோசிக்கவும், எழுதவும் சொல்லித் தர்றேன்.' சொன்னபடி நடக்கவும் வேண்டும். வகுப்பில் கற்பூரம் வேண்டாம், விளக்கு வேண்டாம், 'எல்லாரும் கைகூப்புங்க' வேண்டாம். கதை கேட்கும்போது எந்தப் பிள்ளையும் எதையும் நம்பியாக வேண்டும் என்ற நிலை வரக்கூடாது.

அந்த அப்பா விஷயம் இதைவிடக் கொஞ்சம் கடினம். 'கதைதான்டா' என்று நீங்கள் சொன்னதில் தவறான எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் அது அந்தக் கேள்வியை அங்கேயே மூடிவிட்டது. பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளை 'நெஜமா நடந்துச்சா' என்று கேட்பது எவ்வளவு நல்ல அறிகுறி! எது சாட்சி, எது நம்பிக்கை, எது கற்பனை என்று பிரித்துப் பார்க்க அவன் மனம் தயாராகிவிட்டது. அந்த இடத்தில் 'ஆமாம்' என்றாலும் 'இல்லை' என்றாலும் பேச்சு நின்றுவிடும். அவனிடம் மூன்று கேள்விகளைத் திருப்பிக் கொடுங்கள்: இதை யார் சொல்கிறார்கள்? எப்போது சொன்னார்கள்? எதை வைத்துச் சொல்கிறார்கள்?

நம் மாவட்டங்களில் இதைச் சொல்லிக் கொடுக்க வெளியே எங்கும் அலைய வேண்டாம். கிருஷ்ணகிரி பக்கம் மல்லசந்திரத்தில் பெரிய பெரிய பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடி வைத்த கல்திட்டைகள் இருக்கின்றன. இப்படிப்பட்டவற்றை 'பாண்டவர் வீடு' என்று மக்கள் பல ஊர்களில் சொல்வதுண்டு. தொல்லியல் துறையினரைக் கேட்டால், இறந்தவர்களுக்காக எழுப்பிய பெருங்கற்காலச் சின்னம் என்பார்கள். இந்த இரண்டையும் கரும்பலகையில் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள். தொல்லியல்காரர் எதை வைத்துச் சொல்கிறார்? உள்ளே கிடைத்த எலும்பு, பானை ஓடு, இரும்புப் பொருள். ஊர் எதை வைத்துச் சொல்கிறது? இத்தனை பெரிய கல்லைத் தூக்கி வைக்கச் சாதாரண மனிதனால் முடியுமா, பீமன் மாதிரி ஒருவன்தான் வைத்திருப்பான் என்ற வியப்பு. முதலாவது, அந்தக் கல் எதற்காக நின்றது என்று சொல்கிறது. இரண்டாவது, அந்தக் கல்லைப் பார்த்துப் பிற்காலத்து மக்கள் என்ன நினைத்தார்கள் என்று சொல்கிறது. இரண்டும் தெரிந்துகொள்ள வேண்டியவைதான். ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைக்கக் கூடாது. இதைப் பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட வேகமாகப் பிடித்துக்கொள்வார்கள்.

வேடியப்பன் கோயில்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் வேடியப்பனாக வழிபடப்படும் கற்களில் பல, பழைய நடுகற்கள். கையில் வில்லோ வாளோ ஏந்திய வீரன், பக்கத்தில் மாடுகள், மேலே சில வரி வட்டெழுத்து. பகைவர் ஓட்டிச் சென்ற மாட்டு மந்தையை மீட்கப் போய் இன்னார் உயிர்விட்டான் என்று அந்த எழுத்து சொல்லும். நிஜமாக வாழ்ந்து செத்த ஒரு மனிதன் ஊர்க் காவல் தெய்வமாக மாறிய வழி அங்கே கல்லிலேயே நிற்கிறது. தருமபுரி அகழ்வைப்பகத்திலும் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் நடுகற்களைப் பார்க்கலாம். ஒரு கல்லைக் கண்ணால் பார்த்த பிள்ளையிடம் 'சாமியும் கதையும் வரலாறும் எப்படிக் கலக்குது' என்று தனியாக விளக்கத் தேவையில்லை.

அந்த அப்பாவிடம் இதையே சொல்லுங்கள். 'உங்க சாமியப் பொய்னு சொல்லலைங்க. நம்ம ஊரு பெரியவங்க காலங்காலமா சொல்லிட்டு வர்ற கதைனு சொன்னேன். கும்பிடறது உங்க வீட்டு விஷயம், அதுல நான் தலையிட மாட்டேன்.' முடிந்தால் அவரையே ஒரு நாள் வகுப்புக்கு அழையுங்கள். அவர் கூத்தில் எதைப் பார்த்துக் கலங்கினார், எந்த வேஷக்காரர் அவருக்குப் பிடிக்கும் என்று பிள்ளைகள் கேட்கட்டும். கோபமாக வந்த பெற்றோர் பலர் இப்படி ஒரு நாள் வந்து உட்கார்ந்த பிறகு பள்ளிக்கு வேண்டியவர்களாக மாறியதை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது சூதாட்டக் கதைக்கு வருவோம். துகிலுரிதல் வரும் கதையை ஏழாம் வகுப்பில் சொல்லலாமா என்ற தயக்கம் உங்கள் கடிதத்தில் இல்லை, ஆனால் பல ஆசிரியர்களுக்கு உண்டு. பிள்ளைகள் ஏற்கெனவே கூத்தில் பார்த்துவிட்டார்கள். நாம் பேசாமல் இருந்தால், பார்த்ததை அவர்கள் தனியாகச் சுமக்க வேண்டியிருக்கும். புடவையை இழுப்பதை வர்ணிக்கத் தேவையில்லை. அதற்கு முன்னால் அவள் கேட்கும் கேள்வியில் நில்லுங்கள். வியாச பாரதத்தில், தன்னை அழைக்க வந்த ஏவலாளிடம் திரௌபதி சொல்கிறாள்: சபைக்குத் திரும்பிப் போ, அந்தச் சூதாடியிடம் கேள், முதலில் தோற்றது தன்னையா, என்னையா? தன்னைத் தோற்றவனுக்கு இன்னொருத்தியைப் பணயம் வைக்க என்ன உரிமை? அத்தனை பெரிய சபையில் இதற்குப் பதில் இல்லை. பீஷ்மரே, தருமம் மிக நுட்பமானது, என்னால் தீர்த்துச் சொல்ல முடியவில்லை என்கிறார். வாய் திறந்து 'இது அநியாயம்' என்று சொன்னவன் யார் தெரியுமா? துரியோதனனின் தம்பி விகர்ணன். வயதில் சிறியவன்.

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு, 'அந்தச் சபையில் நீ உட்கார்ந்திருந்தால்?' என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பு எழுந்து உட்காரும். வேண்டாம் என்று ஒருத்தி சொன்ன பிறகும் சுற்றி இருந்த பெரியவர்கள் ஏன் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று பெண் பிள்ளைகள் கேட்பார்கள். குழந்தைத் திருமணம் இன்னும் நின்றபாடில்லாத மாவட்டங்கள் நம்முடையவை. 'எங்க வீட்லயும் என்னைக் கேக்கலை டீச்சர்' என்று ஒரு பிள்ளை வகுப்பு முடிந்து உங்களிடம் வந்து சொல்லக்கூடும். அப்படி வந்தால் கதையை ஓரம் வைத்துவிட்டு அவளோடு உட்காருங்கள். தேவைப்பட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைக்கத் தயங்க வேண்டாம்.

கேள்வி கேட்பதை அந்நியப் பழக்கம் போலவும் பக்திக்கு எதிரானது போலவும் நம்மில் சிலர் நினைக்கிறார்கள். நம் கூத்தைக் கூர்ந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கட்டியக்காரன் எதற்காக இருக்கிறான்? தலையில் கிரீடமும் தோளில் புஜக்கட்டையும் கட்டி, திரைக்குப் பின்னாலிருந்து அட்டகாசமாக ராஜா வந்து நின்றதும், 'யாருப்பா நீ, எந்த ஊரு, என்ன சோலியா வந்த?' என்று கேட்கிறவன் அவன். ஜனங்கள் மனத்தில் இருப்பதையெல்லாம் ராஜா முகத்துக்கு நேராகக் கேட்கும் உரிமை அவனுக்கு உண்டு. அதே மேடையில்தான் துகிலுரியும் கட்டத்தில் ஆட்டத்தை நிறுத்திக் கற்பூரம் காட்டுவதும் நடக்கிறது. பக்தியும் கேள்வியும் ஒரே ராத்திரியில், ஒரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருக்கும் ஊர் இது. வகுப்பில் ஒரு பிள்ளையைக் கட்டியக்காரனாக நிறுத்துங்கள். கதையில் யாரை வேண்டுமானாலும் அவன் கேள்வி கேட்கலாம் என்பதுதான் விதி. இதைவிட நல்ல கற்பித்தல் முறையைப் பயிற்சிக் கையேடு எதிலும் நான் பார்த்ததில்லை.

இந்த முறையின் பலம் எனக்கு நன்றாகத் தெரிந்தது, பெண்ணாகரம் பக்கம் ஒரு வகுப்பில் ஏகலைவன் கதை நடந்தபோது. வழக்கமாக அந்தக் கதையைச் சொல்லி முடித்து, 'இதன் நீதி: குருபக்தி' என்று கரும்பலகையில் எழுதுவோம். பிள்ளைகளும் எழுதிக்கொள்வார்கள், கதை அதோடு முடிந்துவிடும். அந்த ஆசிரியர் நீதி எதுவும் எழுதவில்லை. துரோணராக ஒரு பையனை நாற்காலியில் உட்கார வைத்து, கட்டியக்காரனாக நின்ற சிறுமியிடம், 'கேளும்மா' என்றார். அவள் சற்று யோசித்துவிட்டு, 'நீங்க அவனுக்கு ஒரு நாளாவது சொல்லிக் குடுத்தீங்களா?' என்று கேட்டாள். துரோணர் 'இல்ல' என்றார். 'அப்புறம் எதுக்குக் கூலி கேக்கறீங்க?' நாற்காலியில் இருந்தவனால் பதில் சொல்ல முடியவில்லை. பின்வரிசையிலிருந்து வேறொருவன் துரோணருக்காக வாதாடினான்: அர்ஜுனனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார், மீற முடியாது. அப்படியானால் வாக்கைக் காப்பாற்ற அடுத்தவன் விரலை வெட்டலாமா என்று இன்னொருத்தி. மணி அடித்த பிறகும் சண்டை ஓயவில்லை. நீதி என்று ஒரு வரியை எழுதியிருந்தால் இதில் பாதி கூட நடந்திருக்காது.

ஏகலைவன் வேடர் தலைவனின் மகன். உங்கள் வகுப்பில் இருளர் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதால் ஒன்றை மட்டும் கவனமாக வைத்துக்கொள்ளுங்கள். கதையில் காடு, வேடன், அரக்கன் என்று வரும்போது உங்கள் பார்வை அந்தப் பிள்ளைகள் பக்கம் போகக் கூடாது. 'நீ சொல்லு, உங்க ஆளுங்க கதைதானே' என்று ஒரு வார்த்தை வந்தாலும் அந்தப் பிள்ளை வருஷம் முழுக்க வாய் திறக்காது. அவர்களாகப் பேசினால் கேளுங்கள். வேஷம் பிரித்துக் கொடுக்கும்போது அரக்கன் வேஷம் எப்போதும் ஒரே பிள்ளைகளுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள்.

'புத்தகத்துல இருக்கறத மட்டும்' என்கிற தலைமையாசிரியருக்கு நான் தகடூரிலிருந்தே, அதாவது பழைய தருமபுரியிலிருந்தே பதில் சொல்வேன். அதியமான் நெடுமான் அஞ்சி ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தது நம் பிள்ளைகளுக்குப் பாலோடு வந்த கதை. அதைச் சொல்லும் பாட்டு புறநானூற்றில் 91-வது. அந்தப் பாட்டில் ஔவை அவனை எப்படி வாழ்த்துகிறார்? 'நீலமணி மிடற்று ஒருவன் போல மன்னுக பெரும நீயே.' நீல நிறக் கழுத்தை உடைய ஒருவன், அதாவது சிவன், அவனைப் போல நிலைத்து வாழ்க என்கிறார். நஞ்சை உண்ட கதை தெரியாத பிள்ளைக்கு இந்த வரி வெறும் அலங்காரம். கதை தெரிந்த பிள்ளைக்கோ பாட்டு திறந்துகொள்ளும்: சாகடிக்கும் நஞ்சை உண்டும் சாகாதவன் ஒருவன், சாவைத் தள்ளிப்போடும் கனி கையில் கிடைத்தும் தான் உண்ணாமல் கொடுத்துவிட்டவன் இன்னொருவன். இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தத்தான் ஔவை அந்த உவமையைத் தேர்ந்தெடுத்தார் என்று நான் நம்புகிறேன். புராணத்தை ஒதுக்கிவிட்டுத் தமிழ் நடத்த முடியாது என்பதற்கு, நம் ஊர் மன்னனைப் பாடிய இந்த ஒரு பாட்டே போதும். சிவனை நம்பாத வீட்டுப் பிள்ளையும் இந்த உவமையைப் புரிந்துகொள்ளலாம், ரசிக்கலாம்.

சிரிக்க வைக்க வேண்டுமானால் புறநானூறு 378 இருக்கிறது. வறுமையில் வாடிய பாணர் குடும்பத்துக்குச் சோழன் நகைகளை அள்ளிக் கொடுக்கிறான். அவர்களுக்கு எதை எங்கே போடுவது என்று தெரியவில்லை. விரலில் போடுவதைக் காதில் மாட்டுகிறார்கள், இடுப்பில் கட்டுவதைக் கழுத்தில் கட்டுகிறார்கள். அரக்கன் தூக்கிப் போனபோது சீதை கீழே போட்ட நகைகளைக் குரங்குக் கூட்டம் எடுத்து அணிந்துகொண்டது போல என்கிறார் புலவர். நகைகளைக் காகிதத்தில் வெட்டிக் கொடுத்துப் பிள்ளைகளையே நடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

முஸ்லிம் பிள்ளைகளுக்காகத் தனியாக ஒன்றும் 'சேர்க்க' வேண்டாம். நல்ல கதை என்பதற்காகச் சொல்லுங்கள். உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலம் என்று ஒன்று உண்டு. வேடனிடம் சிக்கிய தாய்மான், குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறேன் என்கிறது. வேடன் நம்பவில்லை. நபிகள் அதற்குப் பிணையாக நிற்கிறார். மான் சொன்னபடி திரும்பி வருகிறது. இதைச் சொல்லிவிட்டு அடுத்த வாரம் பாரதத்தின் கடைசியில் வரும் நாய்க் கதையைச் சொல்லுங்கள். சொர்க்கத்துக்கு வா, நாயை விட்டுவிடு என்று இந்திரன் அழைத்தும், கூடவே நடந்து வந்த நாயை விட்டுவிட்டு வர மாட்டேன் என்கிறான் தருமன். பேச முடியாத ஓர் உயிருக்காக ஒரு பெரிய மனிதர் நிற்கும் கதைகள் இரண்டும். எது எந்த மதம் என்று நீங்கள் எடுத்துச் சொல்லாமலேயே பிள்ளைகள் இரண்டையும் சேர்த்துப் பேசுவார்கள். நபிகளாக யாரையும் நடிக்க வைக்க வேண்டாம், படம் வரையவும் சொல்ல வேண்டாம். அந்தக் குடும்பங்கள் மனம் புண்படும். மானாகவும் வேடனாகவும் நடிக்கலாம்.

அப்புறம் வீட்டுக் கதைகள். பாட்டி சொன்ன கதை ஒன்றை வீட்டில் பேசும் மொழியிலேயே கேட்டு வந்து, தமிழில் எழுதச் சொல்லுங்கள். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இது இன்னும் அருமையாக வேலை செய்யும். ஒரே கதை மூன்று வீட்டில் மூன்று மாதிரி வரும். 'யாரோடது சரி டீச்சர்?' என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். அணில் கதையை அப்போது எடுங்கள். சேதுவுக்கு மணல் சுமந்த அணில் வால்மீகியிலும் இல்லை, கம்பரிலும் இல்லை. ஆனால் கடலில் குளித்து மணலில் புரண்டு ஓடும் அணிலைத் தொண்டரடிப்பொடியாழ்வார் தம் திருமாலையில் பாடியிருக்கிறார். முதுகில் மூன்று கோடு எப்படி வந்தது என்பது பாட்டிகள் வாய்வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது. பெரிய காவியத்தில் இல்லாதது பொய் என்றால், நம் எல்லோருக்கும் முதலில் தெரிந்த ராமாயணமே இல்லாமல் போகும். எழுதி வந்ததைத் திருத்தும்போது எழுத்துப் பிழையை மட்டும் திருத்துங்கள். பாட்டியின் வசவையோ, நடுவில் வரும் பாட்டையோ வெட்டிவிடாதீர்கள். சாதியை இழிவுபடுத்தும் சொல் வந்தால் மட்டும் அந்தப் பிள்ளையைத் தனியாக அழைத்துப் பேசி மாற்றச் சொல்லுங்கள். வகுப்பின் முன்னால் வாசிக்க விட வேண்டாம்.

தலைமையாசிரியரிடம் வாய்ப்பேச்சாகப் போகாதீர்கள். பாடக்குறிப்பில் எழுதிக் காட்டுங்கள். 'துகிலுரிதல் கதை' என்று தலைப்பு வைத்தால் அவர் பதறத்தான் செய்வார். 'ஒரு நிகழ்வை இரண்டு பாத்திரங்களின் பார்வையில் எழுதுதல்', 'செய்தியையும் நம்பிக்கையையும் வேறுபடுத்துதல்', 'காரணம் கூறி வாதிடுதல்' என்று கற்றல் விளைவுகளை எழுதி, அதற்கு நேராகக் கதையைக் குறிப்பிடுங்கள். நீங்கள் செய்வதும் உண்மையில் அதுதான். வாதத்தில் வந்த நல்ல வரிகளைப் பிள்ளைகளின் நோட்டிலிருந்து அவருக்குக் காட்டுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் முன்னால் ஒரு முறை விளக்கிவிட்டால் தனித்தனியாகப் பதில் சொல்லும் வேலை உங்களுக்குக் குறையும்.

அடுத்த ஆண்டு கூத்துக்கு முன்பே கூத்துக் குழுவான ஜமாவின் வாத்தியாரைப் பார்த்து, ஒரு பகல் நேரம் பள்ளிக்கு வர முடியுமா என்று கேளுங்கள். துரியோதனன் வீழ்வதை நடித்துக் காட்டும் படுகளத்தன்று அழைக்காதீர்கள், அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஆட்டம் ஆட வேண்டாம். புஜக்கட்டையும் கிரீடமும் எப்படிக் கட்டுகிறார்கள், முகத்துக்கு எந்த வர்ணம் யாருக்கு, ஒரு வேஷக்காரர் கதையை எப்படி மனப்பாடம் செய்கிறார் என்று காட்டினால் போதும். விடிய விடிய ஆடிவிட்டு வருகிறவர்கள் என்பதால் காலை பதினொன்றுக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு பள்ளியிலேயே இருக்கட்டும், பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடட்டும்.